தடித்துப்போன சீவல்

மைக்ரோஸ்கோப்பின் திருகை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு செல். ஒரு மயிரிழை அந்தப் பக்கம் திருப்பினால் வேறொரு செல். நடுவில் நிறுத்தினால் மட்டும் ஒன்றே ஒன்று, சிவப்பும் பழுப்பும் கலந்து, பன்னிரண்டு வருஷமாகத் தெய்வானை ஊர் ஊராகப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிற அதே செல். கண்ணை எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், அதில் ஒன்றும் இல்லை. லென்ஸைத் துடைத்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்து திருப்பினாள். சிவப்பு. திருப்பினாள். பழுப்பு. சனியன், என்று வாய்விட்டே சொன்னாள், அறையில் யாரும் இல்லாததால். மணி மூன்று பத்து. நாலு மணிக்கு நல்லசிவம் வந்துவிடுவார், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, புது மருந்துப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் டாக்டரம்மா, என் கிட்னிக்குள் எந்தப் பயல் இந்த வேலையைச் செய்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன், என்று கேட்டார். கேட்டாரே என்றுதான் பழைய மரப்பெட்டியைத் திறந்து இந்த ஸ்லைடை எடுத்தாள். இத்தனை காலமும் இதைப் பார்த்தது பழைய மைக்ரோஸ்கோப்பில். இது புதுசு, தை மாதம் வந்தது, எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்க்கிற பெரிய லென்ஸ், சின்ன ஆழத்தைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். வாத்தியார் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று திருகைத் தொட்டாள். தொட்டிருக்க வேண்டாம். வெளியே ஆனி மாதக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போய்க் கொக்கியை மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

வேஷக்காரன். அப்படித்தான் பேர் வைத்திருந்தாள் அந்தச் செல்லுக்கு, வகுப்பில் பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்று. சிறுநீரகம் முழுக்க நுண்குழாய்கள், குழாயின் சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கின மாதிரி நல்ல குடும்பத்துச் செல்கள், உப்பைப் பிரித்துக்கொண்டு தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவை. சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வேறெதுவோ நாள்பட அடித்துக்கொண்டே இருந்தால், அந்தச் செல்களில் ஒன்று ஒருநாள் சுவரை விட்டு இறங்குகிறது, வேஷத்தை மாற்றிக்கொண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள சந்துக்குள் போகிறது, போய் நாராக நூற்றுத் தள்ளுகிறது, அந்த நார்தான் தழும்பு, அந்தத் தழும்புதான் கிட்னியைக் கொல்கிறது. எவ்வளவு அழகான கதை. வீட்டுக்குள் இருந்தவனே கெட்டுப்போனான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. குழாய்ச் செல்லுக்குச் சிவப்புச் சாயம், நார் நூற்கும் செல்லுக்குப் பழுப்புச் சாயம், இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் அதுதான் பாதி வேஷத்தில் பிடிபட்டவன். அவள் பிடித்தாள். உலகத்திலேயே இவ்வளவு துல்லியமாக மனிதச் சிறுநீரகத்தில் பிடித்த படம் இல்லை என்று எழுதினார்கள். அந்தப் படத்தை முகப்பில் வைத்து ஏழு கட்டுரை. அந்தப் படத்தை வைத்துத்தான் டாக்டர் ஞானராஜ், வேஷம் மாறவிடாமல் குழாய்ச் செல்லைப் பிடித்து வைக்கிற ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை ஆரம்பம். பதினோரு பேர், பன்னிரண்டாவது ஆள் நல்லசிவம். குரூப் போட்டோவில் பின்னால் நிற்பவன் கை முன்னால் நிற்பவன் தோளில் முளைத்த மாதிரி, மேலே ஒரு செல், கீழே ஒரு செல். இவ்வளவுதானா. இதற்குத்தானா இத்தனை வருஷம். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

எத்தனை மைக்ரான் தடிமன் வெட்டினீர்கள், என்று முன்பு கல்கத்தா மாநாட்டில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்து கேட்டார். மூன்று, என்றாள். பட்டென்று சொன்னாள். எல்லாரும் மூன்றுதானே வெட்டுகிறார்கள், நம் ஆய்வுக்கூடத்திலும் மூன்றுதானே, வேறென்ன இருக்கப்போகிறது. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது, அந்த டம்ளரில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது கூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் மூன்று என்று யார் தன்னிடம் சொன்னார்கள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. யாரும் சொல்லவில்லை. மெழுகுக்கட்டியில் பதித்த திசுவை இயந்திரக் கத்தியில் சீவும்போது ஒரு செல்லின் தடிமனுக்குள் சீவினால்தான் ஒரு செல் ஒரு செல்லாகத் தெரியும், கத்தி மழுங்கியிருந்தாலோ மெழுகு இளகியிருந்தாலோ எட்டும் பத்துமாக விழும், விழுந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும் இது. அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஸ்லைடை மேடையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் பென்சிலில் எண், அவளே எழுதியது, மை என்றால் சாயத் திரவங்களில் கரைந்துவிடும் என்று பென்சில். எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் மூலையில், ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறாள், பார்த்தும் அழுக்கு என்றுதான் நினைத்திருக்கிறாள். எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். லேப் டெக்னீஷியன் முப்பிடாதி திசு சீவுகிற இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, வெந்நீரில் மிதந்த ஒரு சீவலைத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக அதே முக்காலி. ஸ்லைடை நீட்டி இந்தப் புள்ளி என்ன என்று கேட்டாள். அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தடியா விழுந்தா மூலையில ஒரு புள்ளி வைப்போம்லா மேடம். பாக்கவங்களுக்குத் தெரியணும்னு. எல்லா லேபிலயும் வைப்பாங்க." அன்றைக்கு என்னிடம் சொன்னீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொன்னேனே என்றிருப்பார். இப்போது கேட்காமலே ஞாபகம் வருகிறதே, மேடம் இது கொஞ்சம் தடிச்சுப்போச்சு, வேற ஒண்ணு வெட்டித் தரட்டா, என்று அவர் கதவருகே நின்றது. அன்றைக்குச் சாயந்தரம் கூரியர் போக வேண்டும், அவள் தலையைத் தூக்காமல், பரவாயில்லை வையுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொல்லிக்கொண்டு, என்றாள். அவர் வைத்தார். புள்ளியையும் வைத்தார். முகத்தில் ஒரு குத்தலாவது இருக்கிறதா என்று பார்த்தாள், அதுகூட இல்லை, வெந்நீர் ஆறிவிடும் மேடம் என்று திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். எல்லா லேபிலும் வைப்பார்களாம். அவர்களுக்குள் அது பழக்கம், டாக்டர்மாருக்கு யாரும் சொல்வதில்லை, டாக்டர்மாரும் கேட்பதில்லை. சரி, மேலே இருப்பது குழாய்ச் செல், அது பாவம் சுவரில்தான் இருக்கிறது, எங்கும் இறங்கவில்லை. கீழே இருப்பது யார். திருகைக் கீழே இறக்கிப் பழுப்பைத் தெளிவாக்கினாள். நீளமாக, இரண்டு முனையிலும் வால் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பொடி ரத்தக்குழாய், தலைமுடியைவிட மெல்லியது. அந்த ரத்தக்குழாயின் ஒரு பக்கத்தை அது இன்னும் விடவில்லை. ஒரு கை அங்கே, உடம்பெல்லாம் சந்துக்குள். அதே செல். பிறக்கும்போதே சாயம் ஏற்றிய எலிகளை வைத்து மற்றவர்கள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற அதே செல். பொடி ரத்தக்குழாய்களைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை, அது பிடித்திருந்தால்தான் குழாய் நிமிர்ந்து நிற்கும். அடிபட்ட இடத்தை அடைக்கக் கூப்பிட்டால் பிடியை விட்டுவிட்டு ஓடும். ஓடிப் போய் நூற்கும். நூற்றுக்கொண்டே இருக்கும், போதும் என்று சொல்ல ஆள் கிடையாது. விட்டுவிட்டு வந்த ரத்தக்குழாய் சுருங்கிச் செத்துப்போகும், ரத்தம் வராமல் பக்கத்து நுண்குழாயும் சாகும், அதை அடைக்க இன்னும் நாலு பேர் பிடியை விட்டு ஓடி வருவார்கள். உதவி செய்ய வந்தவன் செய்கிற நாசம். அந்தக் கட்டுரைகளையெல்லாம் அவள் படிக்காமலா இருந்தாள். படித்தாள், ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டாள், எலி எலி, மனுஷன் மனுஷன், என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள், கைதட்டினார்கள். பக்கத்திலேயே, அதே ஸ்லைடில், இரண்டு மைக்ரான் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறான் ஆள். அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முட்டாள் என்று யாராவது சொன்னால்கூடத் தேவலை, சொல்ல யாரும் இல்லை, ஜன்னல்தான் டப்டப்பென்று அடிக்கிறது, இந்த மருத்துவமனையில் ஒரு கொக்கியைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுப்பது.

மூன்று முப்பத்தைந்து. ஞானராஜுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார், சாப்பாடு மென்றுகொண்டே கேட்டார், நடுவில் நிறுத்தவே இல்லை. ரெண்டு செல்லோ ஒரு செல்லோ தெய்வானை, எலிக்கு வேலை செய்திருக்கிறது, அதுதானே முக்கியம், என்றார். எலி. இப்போது எலி வேண்டும். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால் தெரிந்துகொள்ளலாம், எத்தனை மருந்துக்கு அப்படி ஆகியிருக்கிறது, இன்றைக்கு யாரிடமும் எதையும் சொல்லித்தொலைக்காதே, ஒரு வருஷம், பரிசோதனை முடிந்த பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. குழாய்ச் செல் வேஷம் மாறாவிட்டாலும் அடிபட்டால் கூப்பாடு போடுகிறது, அந்தக் கூப்பாட்டைக் கேட்டுத்தான் கட்டிப்பிடித்து நிற்பவன் பிடியை விடுகிறான், மருந்து அந்தக் கூப்பாட்டைக் கொஞ்சம் அடக்கினால் போதாதா, அடக்கலாம், யார் கண்டது, அடக்காமலும் இருக்கலாம். இந்த இடத்திற்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது. திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அடக்கலாம். அடக்காமலும் இருக்கலாம். ஒரு வருஷம். ஞானராஜுக்கு ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம்தான். நல்லசிவத்தின் கிட்னி இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு இருபது பங்குதான் வேலை செய்கிறது, மாதத்துக்கு ஒன்று என்று இறங்குகிறது, ஒரு வருஷம் கழித்து எட்டு. எட்டில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். இப்போதே மாற்றுக் கிட்னி வைத்தால் அது இல்லாமல் தப்பிக்கலாம். கொடுக்க ஆளும் இருக்கிறது. பெண்டாட்டி பேச்சித்தாய் போன சித்திரையிலேயே ரத்தமெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டாள், முதல் சோதனைகள் எல்லாம் பொருந்துகின்றன, அடுத்த ரத்தம் கொடுத்தால் தேதி குறிக்கலாம். அவர்தான் மாட்டேன் என்கிறார். ரெண்டு பேரும் படுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு யார், என்கிறார். அவளைக் கீறிப் பார்க்க நான் என்ன கசாப்புக்காரனா, என்கிறார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களை மருந்துப் பரிசோதனையில் சேர்க்க மாட்டோம் என்ற விதி ஒன்று இருக்கிறதே, அதைத் தெய்வானையே போன வாரம் வாசித்துக் காட்டினாள், அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி அவளுக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. தப்பிக்க ஒரு வழி கிடைத்த மனுஷனின் முகம். இந்த மருந்து குற்றவாளியையே பிடிக்கிறது சார், என்று அவள்தான் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள், ஆசையாகச் சொன்னாள். பேச்சித்தாய் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பது. திருகை நடுவில் வைத்தாள். அழகாக ஒன்றாகத் தெரிந்தது. இப்படியே வைத்து, பாருங்கள் சார், ஆனால் திருகைத் தொட்டுவிடாதீர்கள், கலைந்துவிடும், என்று சொன்னால் போதும், அவர் ஒழுக்கமான மனுஷர், தொட மாட்டார். பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அப்புறம் அவள் நிதானமாக யோசித்து, வேறு பத்து ஸ்லைடு மெல்லிசாக வெட்டிப் பார்த்து, நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதுவாள், முறைப்படி, பொறுப்பான ஆள் அப்படித்தானே செய்வாள், ஒரே ஒரு ஸ்லைடை ஒரு மத்தியானம் பார்த்துவிட்டு ஒருத்தர் வாழ்க்கையில் குதிப்பதா. எவ்வளவு பொறுப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்லைடை ஒரு சாயந்தரம் பார்த்துவிட்டுத்தானே குதித்தாய், அன்றைக்கு எங்கே போயிற்று இந்தப் பொறுப்பு. பெயர் போகும். ஏழு கட்டுரையும் திரும்பப் பெற வேண்டிவரும். கல்கத்தாக்காரர் படிப்பார். படிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். பயமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பயம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது, காற்றுதான் என்று இருந்துவிட்டாள், இரண்டாவது தட்டலுக்குத்தான் எழுந்தாள்.

நல்லசிவம் வெள்ளை அரைக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார், கால் மட்டும் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது. பின்னால் பேச்சித்தாய். பஸ்ஸில் கூட்டம், ஆலங்குளத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டது என்று அவர் சொன்னார், அவள் உட்காருங்கள் என்றாள், படிவம் மேஜைமேல் இருந்தது, பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. அவர் நேராக மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவது போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று கேட்டு, குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். இவன்தானா, இத்துனூண்டு இருந்துகொண்டா, என்று முனகினார். கோபமாகக்கூட இல்லை, பந்தயத்தில் எதிரணி ஆளை முதல் தடவை கிட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது குரல். நிமிர்ந்தார். சரி டாக்டரம்மா, என்று பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பேச்சித்தாய் அந்தப் பேனாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெய்வானை சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக வைத்திருந்தாள், நிச்சயமில்லை, மேற்கொண்டு ஆராய வேண்டும், இன்னும் பத்து ஸ்லைடு. அதையெல்லாம் விட்டுவிட்டாள். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள், அந்தக் கையைப் பிடித்துத் திருகின்மேல் வைத்தாள். கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள் சார் என்றாள்.

அவர் திருப்பினார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம்.

"ரெண்டுல்லா இருக்கு."

"ஆமா. நான் ஒண்ணுன்னு நெனச்சேன். பன்னெண்டு வருஷமா தப்பா நெனச்சிட்டேன். மருந்து பிடிக்கிறது மேல இருக்கிறவனை. தழும்பு போடுறவன் கீழ இருக்கான்."

"அப்பம் மருந்து கேக்காதா?"

"கேக்கலாம், கேக்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது சார். தெரியும்னு போன வாரம் சொன்னேன் பாருங்க, அது தப்பு. சேருறதும் சேராததும் உங்க இஷ்டம். ஆனா என்னைய நம்பி இவங்க கிட்னியை வேண்டாம்னு சொல்லாதீங்க."

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கும் போல, வரவில்லை. வெறுமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நல்லசிவம் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து சிவந்துகொண்டு வந்தது. விரல் மட்டும் மெதுவாக, மிக மெதுவாகத் திருகை நகர்த்தியது, தேடித் தேடி ஓர் இடத்தில் நின்றது. இந்த இடத்தில் வைத்தால் ஒன்றாகத்தானே தெரிகிறது டாக்டரம்மா, என்றார். கெஞ்சுகிற குரல். ஆமாம் சார், தெரியும், என்று மட்டும் சொன்னாள். பேச்சித்தாய் ஜன்னலிலிருந்து திரும்பினாள். ரத்தம் எடுக்கிற இடம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டாள். ஐந்து மணி வரை, கீழே, வலதுகைப் பக்கம் என்றாள் தெய்வானை. பேச்சித்தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் எழவில்லை, குனிந்தபடியே பேசினார்.

"ஒரு வருஷம் பாப்போம்னுதான பேச்சி இருந்தேன்."

"அந்த ஒரு வருஷத்துல எனக்கும் ஒரு வயசு கூடிரும்லா. எந்திரிங்க."

அவர் திருகை விடவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.